கடைக்காரரின் முதல் வீடும் பத்திரச் செலவும்

ஒரு மூட்டை துவரம் பருப்பு வாங்குவதாக இருந்தால்கூட அடக்க விலை என்ன, லாரி வாடகை என்ன, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்ன, சேதாரம் எவ்வளவு போகும் என்று கணக்குப் போட்ட பிறகே நாம் முன்பணம் கொடுக்கிறோம். அப்படிக் கணக்குப் பார்த்துப் பழகிய நாமே வாழ்நாளில் ஒரு முறை வாங்கும் வீட்டுக்கு மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. பத்திர எழுத்தர் துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்கும் தொகையை "ஏன்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் கட்டிவிட்டு வருகிறோம்.

நமது உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகள் வாடகை வீட்டில் இருந்து மளிகைக் கடை நடத்தியவர். 24 லட்சத்துக்கு ஒரு வீடு பேசி, நகையை வைத்து, சீட்டை எடுத்து, சரியாக 24 லட்சம் திரட்டிவிட்டார். பத்திரத்துக்கு நாள் குறித்த பிறகுதான் இன்னும் 2 லட்சத்து 16 ஆயிரம் வேண்டும் என்று தெரிந்தது. பண்டிகைச் சரக்குக் கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டினார். வீடு வந்தது, பண்டிகை வியாபாரம் போயிற்று. இவர் ஏமாற்றப்படவில்லை. சட்டப்படி உள்ளதைத்தான் கட்டினார். முன்கூட்டியே தெரிந்துகொள்ளாதது ஒன்றே குறை. அந்தக் குறை மற்ற உறுப்பினர்களுக்கும் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

அந்த 2,16,000 ரூபாய் எங்கே போகிறது?

கிரயப் பத்திரத்துக்கு நாம் கட்டுவது ஒரே வரி அல்ல. மூன்று இனங்கள் அதில் அடங்கியுள்ளன. முதலாவது முத்திரைத் தீர்வை, 5 சதவீதம். இது மாநில அரசுக்குரியது. இரண்டாவது சொத்து மாற்று வரி, 2 சதவீதம். இது முத்திரைத் தீர்வையோடு சேர்த்தே வசூலிக்கப்பட்டாலும் உள்ளாட்சி அமைப்புகளுக்காக வாங்கப்படும் வரி. மூன்றாவது பதிவுக் கட்டணம், 2 சதவீதம். ஆக மொத்தம் 9 சதவீதம். 24 லட்சத்துக்கு 1,20,000, 48,000, 48,000 என்று கூட்டினால் 2,16,000 ரூபாய் வரும்.

நமது மொழியில் இதைச் சொல்வதானால், எல்லாச் செலவும் போக நூறு ரூபாய் விற்பனைக்கு நாலு ரூபாய் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 2,16,000 ரூபாய் சேர்க்க 54 லட்சம் ரூபாய்க்குச் சரக்கு விற்றாக வேண்டும். சிறிய கடைக்காரருக்கு இது எத்தனை மாத உழைப்பு என்பதை அவரவர் பேரேட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

வேறு ஏற்பாடு எழுதிக்கொள்ளாத பட்சத்தில் கிரயப் பத்திரத்தின் முத்திரைச் செலவு வாங்குபவரையே சேரும் என்று 1899-ஆம் ஆண்டு இந்திய முத்திரைச் சட்டம் கூறுகிறது. ஆகவே விலை பேசும்போதே பத்திரச் செலவையும் சேர்த்துப் பேசுவதே புத்திசாலித்தனம்.

வழிகாட்டி மதிப்பு என்னும் தராசு

இந்த 9 சதவீதம் எந்தத் தொகைக்கு என்பதில்தான் குழப்பம் அதிகம். நாம் பேசி முடித்த விலை ஒருபுறம். அந்தத் தெருவுக்கோ சர்வே எண்ணுக்கோ பதிவுத்துறை குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு மறுபுறம். இரண்டில் எது அதிகமோ அதற்கே வரி. கட்டடம் இருந்தால் அதன் மதிப்பும் தனியே கணக்கிடப்பட்டுச் சேரும். காலிமனையாக வாங்கிப் பிறகு நாமே வீடு கட்டிக்கொண்டால் கிரயத்தின்போது மனை மதிப்புக்கு மட்டுமே தீர்வை கட்டினால் போதும். சட்டம் அனுமதிக்கும் நேரான சேமிப்பு இது.

வழிகாட்டி மதிப்பைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைப் பார்த்து வைத்துக்கொள்வதற்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது.

சலுகை என்று அறிவிக்கப்படுவது எல்லாம் உண்மையில் சலுகையா என்பதையும் நாம் கணக்குப் போட்டே பார்க்க வேண்டும். 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டது. அதே சமயம் பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்ந்தது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் 4-லிருந்து 2 சதவீதமாகக் குறைந்தது. அதே சமயம் வழிகாட்டி மதிப்பு 2017 ஜூனுக்கு முந்தைய அளவுக்கு ஏற்றப்பட்டது. வழிகாட்டி மதிப்பு 30 லட்சமாக இருந்த ஒரு சொத்தை எடுத்துக்கொள்வோம். 2017-க்கு முன் 8 சதவீதப்படி 2,40,000 ரூபாய். 2017-க்குப் பின் மதிப்பு 20,10,000 ஆகி, 11 சதவீதப்படி 2,21,100 ரூபாய். 2023-இல் மீண்டும் 30 லட்சமாகி, 9 சதவீதப்படி 2,70,000 ரூபாய். "பதிவுக் கட்டணம் பாதியாகக் குறைந்தது" என்ற செய்தியைப் படித்து மகிழ்ந்தவர் உண்மையில் 48,900 ரூபாய் கூடுதலாகக் கட்டினார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கொடுத்த விலை 30 லட்சத்தையும் ஒளிக்காமல் பத்திரத்தில் எழுதியவர் 2017 முதல் 2023 வரை 11 சதவீதம், அதாவது 3,30,000 கட்டியிருப்பார். அதன் பின் 2,70,000 கட்டினார். உண்மை விலை எழுதியவருக்கு அது மெய்யான சலுகை. ஆறு ஆண்டுக் காலம் நேர்மையாக எழுதியவர் அதிகமும், குறைத்து எழுதியவர் குறைவும் கட்டும்படியான ஏற்பாடு இருந்தது என்பதே இதன் பொருள். வரிவிதிப்பு எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

2023-இல் மதிப்பை ஏற்றிய சுற்றறிக்கையை, விதிப்படியான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் 2024-இல் ரத்து செய்தது. வரைவை வெளியிட்டு, பொதுமக்களின் ஆட்சேபணையைக் கேட்டு, குழு ஆராய்ந்த பிறகே மதிப்பை மாற்ற வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டு விதிகள். அதன் பிறகு வரைவு வெளியிடப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் புதிய வழிகாட்டி மதிப்புகள் அமலுக்கு வந்தன. வரைவு வெளியான அந்த நாட்களில் நம் பகுதியிலிருந்து எத்தனை பேர் நமது தெருவின் மதிப்பைப் பார்த்தோம், எத்தனை பேர் மனு கொடுத்தோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். எடைக்கல்லைச் சோதிக்க அழைத்தபோது போகாமல் இருந்துவிட்டு, பிறகு எடை தவறு என்று கூவிப் பயனில்லை.

இப்போதும் மதிப்பு அநியாயமாக அதிகம் என்று கருதுபவருக்கு வழி அடைபடவில்லை. முத்திரைச் சட்டத்தின் 47-அ பிரிவின் கீழ் பத்திரம் தனித்துணை ஆட்சியரின் விசாரணைக்குப் போகும். அங்கே அக்கம்பக்கத்துக் கிரயங்கள், சாலை வசதி, கட்டடத்தின் வயது ஆகியவற்றைக் காட்டி வாதிடலாம். அந்த உத்தரவின்மேல் இரண்டு மாதத்துக்குள் மேல்முறையீடும் உண்டு. வழிகாட்டி மதிப்பு என்பது பெயருக்கேற்ப வழிகாட்டிதானே தவிர முடிந்த முடிவு அல்ல என்பது நீதிமன்றங்கள் பல முறை சொல்லியுள்ள விஷயம்.

உள்ள சலுகைகள்

2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வீடு, மனை, விவசாய நிலம் ஆகியவற்றைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைப்பு என்ற ஏற்பாடு வந்தது. நம் பகுதிக் கிராமங்களில் மனை வாங்குபவர்களுக்கு இது பயன்படக்கூடியதே. 9 லட்சத்துக்கு மனை வாங்கும் குடும்பத்துக்கு 9,000 ரூபாய் மிச்சம். பத்திரம் எந்தப் பெயரில் இருந்தால் சலுகை கிடைக்கும், கணவர் பெயரையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பதை எழுதுவதற்கு முன்பே சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெற வேண்டும். எழுதிய பிறகு கேட்பதால் பயன் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனைவி பெயரில் வாங்கினால் அது மனைவியின் சொத்து. சலுகைக்காகப் பெயரைப் போட்டோம் என்று பின்னாளில் சொல்வது முறையும் அல்ல, செல்லவும் செல்லாது.

குடும்பத்துக்குள் சொத்து மாறும்போது கிடைக்கும் சலுகை இதைவிடப் பெரியது. பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் ஆகியோருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதினால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான். அதற்கும் உச்சவரம்பு உண்டு. 2023 ஜூலையில் அந்த உச்சவரம்பு 25,000-லிருந்து 40,000 ஆகவும், பதிவுக் கட்டண உச்சவரம்பு 4,000-லிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன. உயர்த்திய பிறகும்கூட, 60 லட்சம் மதிப்புள்ள கடையும் வீடும் மகனுக்கோ மகளுக்கோ 50,000 ரூபாய்க்குள் மாறிவிடும். கிரயமாக எழுதினால் இதுவே 5,40,000 ஆகும். உயிலுக்கோ முத்திரைத் தீர்வையே இல்லை. ஆனால் செலவு குறைவு என்பதற்காக மட்டும் அவசரப்பட வேண்டாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட செட்டில்மெண்டை எழுதிக் கொடுத்தவர் தாமே ரத்து செய்துவிட முடியாது. கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதி வைத்தால், 2007-ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர அது உதவும்.

வருமான வரியில், வீட்டுக்காகக் கட்டிய முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் ஆண்டுக்கு 1,50,000 ரூபாய் என்ற பொது வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். ஆனால் இது பழைய முறையில் கணக்குக் கொடுப்பவர்களுக்கு மட்டுமே. புதிய முறையில் இருப்பவர்களுக்கு இல்லை. வீடு வாங்கும் ஆண்டில் எந்த முறை லாபம் என்று கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்பது நல்லது.

சரக்கு சேவை வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனைக்கும், பணி நிறைவுச் சான்று பெற்ற பிறகு விற்கப்படும் வீட்டுக்கும் அந்த வரி இல்லை. கட்டுநரிடம் கட்டுமானத்தில் உள்ள வீட்டை வாங்கினால் உண்டு. சொந்த வீட்டுக்குச் சிமெண்டும் கம்பியும் வாங்கும்போது கடையின் வரி எண்ணைக் கொடுத்துப் பில் போட்டு, உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொள்வது தவறு. ஆய்வு வந்தால் வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட நேரிடும்.

குறைத்து எழுதுவது லாபமா?

"விலையைக் குறைத்துப் போட்டுக்கொள்ளலாம், மிச்சத்தை ரொக்கமாகக் கொடுங்கள்" என்பது நமக்குப் பழகிப்போன பேச்சு. 9 சதவீதத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்து நாம் இழப்பது என்ன என்று பார்க்க வேண்டும். வங்கி பத்திர விலையைப் பார்த்தே கடன் தரும். நாளை விற்கும்போது நாம் கொடுத்த உண்மை விலை கணக்கில் ஏறாது. வராத லாபத்துக்கு வரி கட்ட நேரிடும். சொத்தில் வில்லங்கம் கிளம்பி வழக்குப் போட்டால் பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் திருப்பிக் கேட்க முடியும். பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கும் 50,000 ரூபாய்க்கும் மேலாகக் குறைந்திருந்தால், அந்த வித்தியாசத்தை வாங்கியவரின் வருமானமாகவே வருமான வரிச் சட்டம் கருதுகிறது. சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் விதிக்கலாம். இன்று வாங்குபவர் நாளை விற்பவர் என்பதை மறந்துவிடக்கூடாது.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் நாம் யோசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு வந்ததிலிருந்து நிலம் எடுப்பு என்பது நம் மாவட்டத்தில் அன்றாடப் பேச்சு. 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி இழப்பீட்டுக்கு அடிப்படையாவது முத்திரைச் சட்ட மதிப்பும், அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களின் சராசரி விலையுமே. இத்தனை ஆண்டும் குறைத்துக் குறைத்து எழுதிய பத்திரங்கள், நிலம் பறிபோகும் நாளில் ஊரார் அனைவருக்கும் எதிரான சாட்சிகளாக நிற்கும். ஒருவர் மிச்சப்படுத்திய முத்திரைப் பணத்துக்கு ஒரு கிராமமே விலை கொடுக்க நேரிடும்.

நமது கோரிக்கை

வரியே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சாலை, தெருவிளக்கு, குடிநீர் இல்லாமல் கடைத்தெரு இல்லை. ஆனால் நியாயமான அளவும் முறையும் வேண்டும்.

2023 டிசம்பர் 1 முதல், புதிய அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதுவரை பிரிக்கப்படாத மனைப் பங்குக்குக் கிரயமும் கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தமும் எழுதி வந்த வழக்கத்தை மாற்றியதால் அந்தச் சலுகை தரப்பட்டது என்பதை நாம் அறிவோம். இருந்தாலும் விளைவு என்ன? சென்னையில் 48 லட்சத்துக்குப் புது அடுக்குமாடி வீடு வாங்குபவருக்கு 6 சதவீதம். உத்திரமேரூர் வட்டத்தில் 12 லட்சத்துக்கு ஓட்டு வீடு வாங்கும் பெட்டிக்கடைக்காரருக்கு 9 சதவீதம். அவர் கட்டும் 1,08,000 ரூபாய், 6 சதவீதமானால் 72,000-தான் ஆகும். சிறியவர் அதிக விகிதமும் பெரியவர் குறைந்த விகிதமும் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

இங்கிலாந்தில் வீட்டு விலையைப் படிகளாகப் பிரித்து, முதல் 1,25,000 பவுனுக்கு வரி இல்லாமலும், மேற்பட்ட பகுதிகளுக்குப் படிப்படியாக உயர்த்தியும் வாங்குகிறார்கள். முதல் வீடு வாங்குபவருக்கு, விலை 5 லட்சம் பவுனுக்குள் இருந்தால், 3 லட்சம் பவுன் வரை வரியே இல்லை. நமது நாட்டிலேயே மகாராஷ்டிரத்தில் பெருந்தொற்றுக் காலத்தில் 2020 செப்டம்பர் முதல் முத்திரைத் தீர்வையை 5-லிருந்து 2 சதவீதமாகக் குறைத்து, பதிவுகள் பெருகியதைக் கண்டார்கள். வரியைக் குறைத்தால் கஜானா காலியாகிவிடும் என்ற பயம் எப்போதும் சரியல்ல.

ஆகவே, முதல் வீடு வாங்கும் குடும்பத்துக்கு, 25 லட்சம் வரையிலான வீட்டுக்கு அடுக்குமாடிக்குரிய அதே 6 சதவீதமாவது அளிக்க வேண்டும். பெண்களுக்கான சலுகையில் உள்ள பள்ளத்தையும் நிரப்ப வேண்டும். 10 லட்சம் மதிப்புக்கு 80,000 ரூபாய் கட்டுபவர், மதிப்பு 10 லட்சத்து 50 ஆயிரம் ஆனதும் 94,500 ரூபாய் கட்ட வேண்டியுள்ளது. 50,000 கூடியதற்கு 14,500 வரி! வரம்பைத் தாண்டினாலும் முதல் 10 லட்சத்துக்குச் சலுகை நிலைக்கும்படி செய்தால் மதிப்பைக் குறைத்துக் காட்டும் ஆசையும் எழாது. அத்துடன் சொத்து மாற்று வரியாக வசூலான 2 சதவீதத்தில் நமது பேரூராட்சிக்கும் ஊராட்சிகளுக்கும் வந்தது எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதை ஆண்டுதோறும் அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

கடைசியாகச் சொன்ன கோரிக்கை இந்த ஊருக்குப் புதிதல்ல. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள, முதலாம் பராந்தக சோழன் காலத்து 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டு என்ன சொல்கிறது? குடவோலையில் பெயர் எழுத வேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அந்தத் தகுதியை இழப்பார்கள். வரி கட்டுவதையும், சொந்த வீட்டில் வாழ்வதையும், கணக்குக் காட்டுவதையும் ஒரே சுவரில் வெட்டி வைத்த ஊர் இது.

நம் பங்கை நாம் செய்வோம். உண்மை விலை எழுதுவோம்; முன்பணம் கொடுக்குமுன் வழிகாட்டி மதிப்பையும், வில்லங்கச் சான்றையும், மனை அங்கீகாரத்தையும் பார்ப்போம்; விலையோடு 9 சதவீதத்தையும் தனியே எடுத்து வைப்போம்; அடுத்த முறை வழிகாட்டி மதிப்பின் வரைவு வெளியானால் தெருவாரியாகப் பார்த்துச் சங்கத்தின் மூலம் மனு கொடுப்போம். அதன்பின் அரசிடம் கேட்கும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. வாடகை வீட்டிலிருந்து சொந்த வீட்டுக்குப் போகும் சிறு வணிகர், புது வீட்டில் பால் காய்ச்சும் நாளில் கடையில் சரக்கில்லாமல் நிற்கும் நிலை இனி வேண்டாம்.